அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி? (இனிஷ்டீக், கில்கென்னி)

கூழாங்கல் கேட்கிறார்:

அயர்லாந்தின் தென்கிழக்கில், கில்கென்னி கவுண்டியில், நோர் ஆற்றங்கரையில் இனிஷ்டீக் என்றொரு சின்ன ஊர். தாமஸ்டவுனிலிருந்து நியூ ராஸ் போகும் ஆர்700 சாலையில் வரும். அதைப் பற்றித் தமிழில் நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும். சுற்றுலாக் கையேட்டில் இருப்பதைத் திரும்ப எழுதுவதில் பயனில்லை, ஆவணங்களிலிருந்து எழுத விருப்பம். இலவசமாக இணையத்தில் கிடைப்பவற்றைத் திறந்தால் சில இடங்களில் முட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரிக்காக நிலத்தையும் வீடுகளையும் மதிப்பிட்ட பட்டியலான கிரிஃபித் மதிப்பீட்டில் ஊர்ப்பெயரைத் தேடினால் அந்தப் பகுதியின் வீடுகளில் சிறு பகுதிதான் வருகிறது. இன்றைய அஞ்சல் முகவரியில் இனிஷ்டீக் என்று இருக்கும் பல வீடுகள் அங்கே இல்லை. 1901, 1911 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் பத்து ஆண்டுகளில் சிலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கிறது. அது ஒரே ஆளா, வேறு ஆளா? இன்னொன்று, இவ்வளவு சிறிய ஊருக்கு மரங்கள் சூழ்ந்த சதுக்கமும் பத்து வளைவுப் பாலமும் எப்படி வந்தன? எதை முதலில் படிக்க வேண்டும், எங்கே தவறு நேரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுச்சங்கிலி:

முதல் சிக்கலை அவிழ்த்தால் மற்றவை எளிதாகும். அந்த ஆவணங்களுக்கு ஊர் முக்கியமான அலகே அல்ல. நிலம், வரி, கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை டவுன்லேண்ட் என்ற நிலப்பிரிவுதான். நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சில டவுன்லேண்டுகள் ஒரு சில ஏக்கர்தான், சில ஆயிரம் ஏக்கரையும் தாண்டும். பல டவுன்லேண்டுகள் சேர்ந்தது சிவில் பாரிஷ், அதற்கு மேல் பாரனி, அதற்கு மேல் கவுண்டி. 1838இன் ஏழையர் சட்டத்துக்குப் பிறகு யூனியன், தேர்தல் டிவிஷன் என்று இன்னொரு அடுக்கு வந்தது, இது பழைய அடுக்கோடு ஒத்துப்போகாது. கிரிஃபித்தைப் பாரிஷ் வழியாகத் தேட வேண்டும், 1901, 1911 கணக்கெடுப்புகளை டிவிஷன் வழியாகத் தேட வேண்டும். ஒரே வீடு இரண்டிலும் வெவ்வேறு தலைப்பின் கீழ் இருக்கும். நீங்கள் முட்டியது இங்கேதான்.

எனவே எந்த ஆவணத்தையும் திறப்பதற்கு முன் ஒரு பட்டியல் போடுங்கள். லாகனிம் என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்தில் சிவில் பாரிஷைத் திறந்தால் அதிலுள்ள டவுன்லேண்டுகள் வரும். பாலத்தை நடுவாக வைத்து மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பவற்றைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பாரிஷ், பாரனி, யூனியன், டிவிஷன் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றின் மறுகரையில் இருப்பது வேறு பாரிஷாக இருக்கலாம், அதையும் விடாதீர்கள். கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த வட்டாரத்தின், எல்லையும் வேறுதான். பல சிவில் பாரிஷ்களை இணைத்தே பங்குகள் அமைந்தன. திருமுழுக்குப் பதிவேடுகளைத் தேடும்போது இந்த வேறுபாடு கட்டாயம் குறுக்கே வரும்.

பிறகு வரைபடங்கள். மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வந்த முதல் ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) தாள்கள் 1833 முதல் 1846 வரை வெளியாயின. 1840களின் பெரும்பஞ்சத்துக்கு முந்தைய அயர்லாந்து அதில் இருக்கிறது. மைலுக்கு 25 அங்குலத் தாள்கள் ஏறக்குறைய 1887 முதல் 1913 வரை வந்தவை. ஒரே டவுன்லேண்டை இரண்டிலும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் தாளில் சந்து ஓரங்களில் கொத்தாக நிற்கும் சிறு கட்டங்கள் இரண்டாவதில் இல்லாமல் போயிருந்தால், அந்தக் குடும்பங்களைத்தான் உங்கள் கட்டுரை தேட வேண்டும். சதுக்கம் இரண்டு தாளிலும் பெரிதாக மாறியிருக்காது. மாற்றம் வெளியே நடந்தது.

அடுத்தது கிரிஃபித் மதிப்பீடு, 1847 முதல் 1864 வரை. வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்: மொத்த மதிப்பு, கட்டட மதிப்பு, நில மதிப்பு, பரப்பு, விவரம், யாரிடமிருந்து குத்தகை, யார் குடியிருப்பு. குத்தகை கொடுத்தவர் பெயரை மட்டும் தனித்தாளில் எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் பக்கம் பக்கமாக வந்தால் அது ஒரு பெரிய எஸ்டேட். இடையில் சின்னப் பெயர்கள் வந்தால் உள்குத்தகை, அதாவது விவசாயி தன் நிலத்து ஓரத்தில் கூலிக்காரருக்குக் குடிசை கொடுத்திருக்கிறார் என்று பொருள். "ஆபீஸ்" என்று எழுதியிருப்பது மாட்டுக்கொட்டில், களஞ்சியம் போன்ற புறக்கட்டடம். எண்ணோடு வரும் பெரிய எழுத்து ஒருவருடைய சிதறிய துண்டு நிலங்களைக் குறிக்கும், சிறிய எழுத்து அந்த நிலத்திலுள்ள வெவ்வேறு வீடுகளைக் குறிக்கும்.

இங்கே மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. இது குடும்பப் பட்டியல் அல்ல, குடியிருப்பின் தலைவர் பெயர் மட்டுமே வரும். பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இரண்டாவது, இணையத்தில் மதிப்பீட்டோடு இணைத்துக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் சில பத்தாண்டுகள் பிந்தையது. அச்சுப் பக்கத்தின் எண்ணும் வரைபட எண்ணும் பொருந்தாமல் போகும், வீட்டைத் தவறான இடத்தில் நட்டுவிடுவீர்கள். மூன்றாவது ஏக்கர். 1823 முதல் 1837 வரையிலான தசமபாகப் பதிவேடுகளில் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர்தான், அது 7,840 சதுர கஜம். கிரிஃபித்தில் சட்டப்படியான ஏக்கர், 4,840 சதுர கஜம். முன்னதை 1.62ஆல் பெருக்காமல் ஒப்பிட்டால் பத்து ஏக்கர்க்காரர் பதினாறு ஏக்கர்க்காரராக வளர்ந்துவிட்டது போலத் தெரியும். நிலம் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

தசமபாகப் பதிவேட்டில் விளைநிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். கொல்லர், கடைக்காரர், நிலமற்ற கூலி யாரும் வரமாட்டார்கள். கத்தோலிக்க உழவர்களும் புராட்டஸ்டண்ட் சபையான அயர்லாந்து திருச்சபைக்குக் கட்ட வேண்டியிருந்த வரி அது. அதே கில்கென்னி கவுண்டியில் 1831 டிசம்பர் 14 அன்று காரிக்ஷாக்கில் அந்த வரிக்காக உயிர்கள் போயின. பதிவேட்டின் எண்களைப் படிக்கும்போது அந்தப் பகையும் நினைவில் இருக்கட்டும்.

பழஞ்சுவடி:

சதுக்கமும் பாலமும் பற்றி நான் சொல்கிறேன். மூன்று அடுக்குகளாகப் பிரித்தால் ஊர் விளங்கும்.

அடியில் இருப்பது துறவு மடம். 1210ஐ ஒட்டி லெய்ன்ஸ்டரின் செனெஷலாக (பிரபுவின் நிர்வாகியாக) இருந்த தாமஸ் ஃபிட்ஸ் அந்தோனி அகஸ்டீனியத் துறவியருக்காக அமைத்தது. பக்கத்து ஊரான தாமஸ்டவுன் இவர் பெயரால்தான் வழங்குகிறது. இடத்தேர்வுக்குக் காரணம் ஆறு. கடலின் ஏற்றவற்றம் நோர் ஆற்றில் இனிஷ்டீக் வரை எட்டும். நியூ ராஸிலிருந்து படகு ஏற்றத்தோடு வந்து இறங்கும் இடத்தில் மடமும் சந்தையும் வளர்வது இயல்பு. 1540இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. அதன் கோபுரம் இன்றும் தேவாலய வளாகத்தில் நிற்கிறது.

அடுத்தது பரோ, அதாவது நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை பெற்ற ஊர். இந்தச் சிற்றூர் 1800 வரை டப்ளினில் இருந்த ஐரிஷ் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். இப்படிப்பட்ட சிறு பரோக்களில் இடங்கள் புரவலர் குடும்பத்தின் கையில் இருந்தன. அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்த ஒன்றிப்புச் சட்டத்தோடு அந்த இடங்கள் பறிபோனபோது, ஒழிந்த பரோ ஒவ்வொன்றுக்கும் 15,000 பவுண்டு இழப்பீடு என்று அரசு நிர்ணயித்தது. வாக்கு என்பது சொத்தாகவே கருதப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மேலே தெரிவது எஸ்டேட். 1740களில் சர் வில்லியம் ஃபவுன்ஸுக்காக ஃபிரான்சிஸ் பிண்டன் வடிவமைத்த வுட்ஸ்டாக் மாளிகை ஊருக்கு மேலே குன்றில் எழுந்தது. திருமண உறவால் அது டை குடும்பத்துக்குப் போனது. 1763இல் நோர் ஆற்றில் வந்த பெருவெள்ளம் அதன் பாலங்களைச் சிதைத்தது. இப்போதிருக்கும் பத்து வளைவுப் பாலம் அதன் பின் வந்தது. ஊரின் அளவுக்கு ஏற்ற பாலம் அல்ல அது, ஆற்றின் அளவுக்கும் எஸ்டேட்டின் அந்தஸ்துக்கும் ஏற்ற பாலம். லைம் மரங்கள் நிற்கும் சதுக்கமும் அப்படித்தான்: நிலப்பிரபுவின் வாசலுக்கு முன்னால் ஊர் எப்படித் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தின் வடிவம்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கவிஞர் மேரி டை 1810இல் வுட்ஸ்டாக்கில் இறந்தார். ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய அவருடைய நினைவுச் சிலை ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய கல்லறை மண்டபத்தில் இருக்கிறது. உங்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியவர் வில்லியம் டை. கில்கென்னி கவுண்டியின் விவசாயம், கூலி, குத்தகை, ஆற்றுப் போக்குவரத்து பற்றி 1802இல் தடித்த புள்ளிவிவர நூல் ஒன்றை வெளியிட்டார். நிலப்பிரபு எழுதியது என்பதை மறக்காமல் படித்தால், பஞ்சத்துக்கு நாற்பது ஆண்டு முன்பிருந்த நிலையை அறிய அதற்கு இணையான ஆவணம் இந்த ஊருக்குக் கிடையாது.

1920இல் ஆக்சிலியரி என்ற பிரிட்டிஷ் துணைக் காவல் படையினர் மாளிகையைத் தங்கள் முகாமாக்கிக்கொண்டார்கள். 1922 ஜூலையில், உள்நாட்டுப் போர் தொடங்கிய நாட்களில், அது எரிக்கப்பட்டது. இன்று சுவர்கள் மட்டும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லேடி லூயிசா டை உருவாக்கிய தோட்டங்களைக் கில்கென்னி கவுண்டி கவுன்சில் மீட்டுப் பராமரிக்கிறது. மங்கி பசில் மரங்களின் நீண்ட சாலை அங்கே பார்க்க வேண்டியது.

கூழாங்கல்:

இருவருக்கும் நன்றி. நிலப்பிரபு குடும்பம் ஊரை இவ்வளவு அக்கறையாக அமைத்தது என்றால், சுற்றியுள்ள குடிசைகள் ஏன் மறைந்தன? வயதுக் கேள்வியும் நிற்கிறது.

தொகைக்கணக்கு:

வயதிலிருந்து தொடங்குகிறேன். 1908இன் முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பும் அரசுப் பதிவுக்கு வந்தது 1864இல்தான், எனவே அன்றைய முதியவர் யாரிடமும் அரசுப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஓய்வூதியத்துக்காக வயதைக் கூட்டிச் சொல்ல இடமிருந்தது. 1839 ஜனவரி 6 இரவு வீசிய பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை முடிவு செய்ததும் உண்டு. 1901இல் 58 என்று சொன்னவர் 1911இல் 73 என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். உறுதிப்படுத்த மனைவி பெயர், பிள்ளைகளின் வரிசை, தொழில், டவுன்லேண்ட் நான்கையும் பாருங்கள். வீட்டு எண்ணை நம்பாதீர்கள். கணக்கெடுத்த காவலர் தன் சுற்றுக்கு ஏற்ப இட்ட எண் அது, இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றாக இருக்காது. சின்னப் பிள்ளைகளின் வயதுதான் நம்பகமானது, பிறப்பு ஆண்டுகளை அங்கிருந்து கணக்கிடுங்கள்.

இந்த ஓய்வூதியத்தால் ஆய்வாளருக்கு ஒரு பெரிய நன்மை. விண்ணப்பித்தவர்களுக்காக 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடி எடுத்த குறிப்புகள் தேசிய ஆவணக்காப்பகத்தில் மிஞ்சியிருக்கின்றன. மூலப் படிவங்களில் மிகப் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்துபோனது. 1861, 1871 படிவங்களை அதற்கு வெகு முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப்போரின்போது காகிதக் கூழாயின. பலரும் எல்லாம் 1922 தீயில் போனது என்று எழுதுகிறார்கள். அது தவறு, கட்டுரையில் அந்த வரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்பில் பெரும்பாலோர் குடும்பப் படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊரின் தன்மை பி1 என்ற வீட்டுப் படிவத்தில் இருக்கிறது. மதிப்பெண் முறை இது: கல், செங்கல், கான்கிரீட் சுவருக்கு 1, மண் அல்லது மரச் சுவருக்கு 0. ஸ்லேட், இரும்பு, ஓட்டுக் கூரைக்கு 1, வைக்கோல் கூரைக்கு 0. ஓர் அறைக்கு 1, இரண்டு முதல் நான்கு அறைக்கு 2, ஐந்து ஆறு அறைக்கு 3, அப்படியே மேலே. முன்பக்க ஜன்னல்கள் எத்தனையோ அத்தனை. கூட்டுத்தொகை 12க்கு மேல் அல்லது 12 என்றால் முதல் வகுப்பு, 6 முதல் 11 இரண்டாம் வகுப்பு, 3 முதல் 5 மூன்றாம் வகுப்பு, அதற்குக் கீழ் நான்காம் வகுப்பு. கல் சுவர், வைக்கோல் கூரை, மூன்று அறை, மூன்று ஜன்னல் என்றால் 1+0+2+3, ஆறு. இரண்டாம் வகுப்பு. ஆகவே வைக்கோல் கூரை என்றதும் ஏழை வீடு என்று எழுதக் கூடாது. மண் சுவரும் ஜன்னல் எண்ணிக்கையும்தான் ஏழ்மையைக் காட்டும். சதுக்கத்து வீடுகளின் கூட்டுத்தொகையையும் அரை மைல் தள்ளியுள்ள டவுன்லேண்டின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்தால் குடிசைகள் ஏன் மறைந்தன என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. ஆண்டு மதிப்பு 4 பவுண்டும் அதற்குக் கீழும் உள்ள குடியிருப்புகளுக்கு ஏழையர் வரியை நிலவுடைமையாளரே கட்ட வேண்டும் என்று 1843இல் வந்தது. பஞ்ச காலத்தில் அந்த வரி ஏறிக்கொண்டே போக, சின்னக் குடிசைகளை இடிப்பது அவருக்கு லாபமானது. 1847இல் ஏழையர் சட்டத்தில் சேர்ந்த கிரெகரி பிரிவின்படி கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது, பசித்தவர் நிலத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 1841இல் 81 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த நாட்டின் மக்கள்தொகை 1851இல் 65 லட்சத்து 52 ஆயிரம். இனிஷ்டீக்கைச் சுற்றி எந்தக் குடிசை எதனால் போனது என்பதை இந்தப் பொதுச் சட்டங்களிலிருந்து நேரடியாக முடிவு கட்டாதீர்கள், அளவுச்சங்கிலி சொன்னபடி டவுன்லேண்ட் வாரியாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கிரிஃபித்தில் 4 பவுண்டுக்குக் கீழ் எத்தனை வீடு மிஞ்சின என்று எண்ணுங்கள்.

ஆற்றுமணல்:

பழஞ்சுவடி சொன்ன வரலாறு சரி. ஆனால் மாளிகை எரிந்ததோடு கதையை நிறுத்தினால் ஊர் நிலப்பிரபுவின் படைப்பு மட்டும்தான் என்று ஆகிவிடும். அதை ஏற்க முடியவில்லை. இன்று ஊரைத் தாங்கி நிற்கும் எல்லைக்கோடு எஸ்டேட்டுடையது அல்ல, கத்தோலிக்கப் பங்குடையது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் உள்ளூர்ச் சங்கப் பெயரையே பாருங்கள்: ரோவர்-இனிஷ்டீக். இரண்டு இடங்களை இணைத்த பெயர். கில்கென்னிக்காக ஆறு அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்ற எடி கெஹர் ஆடியது இந்தச் சங்கத்துக்குத்தான். 1884இல் கேலிக் தடகளச் சங்கம் தொடங்கியபோது பங்கையே அலகாக எடுத்துக்கொண்டது. "எந்த ஊர்" என்ற கேள்விக்கு அங்கே ஒருவர் சொல்லும் பதில் பெரும்பாலும் பங்கையோ டவுன்லேண்டையோ தான் குறிக்கும்.

முகவரிக் குழப்பமும் அதனால்தான். கிராமப்புற வீடுகளுக்குத் தெருப்பெயரும் எண்ணும் இல்லை, ஒரே டவுன்லேண்ட் பெயரைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 2015இல் வந்த ஏழு எழுத்து எய்ர்கோட் என்ற அஞ்சல் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி என்று அமைந்தது இந்தக் காரணத்துக்காகவும்தான். அஞ்சல் முகவரியிலுள்ள ஊர்ப்பெயரை வைத்து 1850இல் அந்த வீடு எங்கே பதிவானது என்று முடிவு செய்ய முடியாது.

எஸ்டேட்டுக்குப் பின் நடந்ததைக் காட்டும் ஆவணம் டப்ளினில் இருக்கிறது. கிரிஃபித்துக்குப் பிறகு மதிப்பீட்டு அலுவலகம் தொடர்ந்து திருத்திவந்த பேரேடுகள், ரத்தான புத்தகங்கள் என்று பெயர். குடியிருப்பவர் மாறும்போது பழைய பெயரை அடித்துப் புதியதை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்திருப்பார்கள். எந்த நிறம் எந்த ஆண்டு என்று முதல் பக்கத்திலேயே பொருத்திக்கொண்டு படியுங்கள், கறுப்பு வெள்ளை நகல் வாங்கினால் பாதிச் செய்தி தொலைந்துவிடும். எல்ஏபி என்ற முத்திரை தெரிந்தால் நிலச் சட்டத்தின்படி குத்தகைதாரரே நிலத்தை வாங்கிவிட்டார் என்று பொருள். 1903இன் விண்டம் நிலச் சட்டத்துக்குப் பிறகு இந்த முத்திரைகள் அடர்த்தியாக வரும். நிலப்பிரபுவின் பெயர் பக்கங்களிலிருந்து எந்த ஆண்டில் விலகியது என்று அங்கே துல்லியமாகக் காணலாம்.

பி1 படிவத்தில் இன்னொரு பத்தியையும் விடாதீர்கள், வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று இருக்கும். அதில் தனியார் பெயருக்குப் பதில் கிராமப்புற மாவட்டக் கவுன்சில் என்று இருந்தால் அது 1883இன் கூலியாளர் சட்டத்தின் வழியே வந்த குடில். அரை ஏக்கர் தோட்டத்தோடு தொடங்கிய அந்த வீடுகள் பல இன்றும் சாலையோரம் நிற்கின்றன, சதுக்கத்து வீடுகளைவிட அதிகக் குடும்பங்களின் வாழ்வை மாற்றியவை அவை.

குரல்கள் வேண்டுமென்றால் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பு டூஹஸ் தளத்தில் இருக்கிறது. புனிதக் கிணறு, சந்தை நாள், பஞ்சம், வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் சுற்றுப் பள்ளிகள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். பஞ்சத்தைப் பற்றிய செய்திகள் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்டவை, ஆண்டும் எண்ணிக்கையும் அதிலிருந்து எடுக்காதீர்கள். இடிந்த வீடு எங்கே இருந்தது, அதில் யார் குடியிருந்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்த இடத்தை ஆறு அங்குலத் தாளில் தேடிப் பாருங்கள், பல முறை கட்டம் அங்கேயே இருக்கும்.